ஏழாம் பாடம், பதினேழாம் கணக்கு

எங்கள் தெருவில் டயர் கடைக்கு மேல்மாடியில் கடவுள் இறங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும். காலை பத்து மணி முதல் பகல் ஒரு மணி வரை. காசுக்கு டோக்கன் உண்டு. அந்த டோக்கனை அடித்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். கீழே டயர் கடையை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.

அவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் விடைச்சாமி. நோய் தீர்க்கிற சாமி, பேய் ஓட்டுகிற சாமி எல்லாம் பழைய சரக்கு. இவர் வீட்டுப்பாடம் போடுகிற சாமி. இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் அருள் உண்டு. வரலாறு கேட்டால் கையை விரித்துவிடுவார். கட்டுரை எழுதுகிற அளவுக்கு அங்கே சக்தி இறங்குவதில்லையாம். எண்ணாக இருந்தால் மட்டும் இறங்கும்.

முறை ரொம்பச் சுலபம். பிள்ளை போய் முன்னால் உட்காரணும். கேள்வியைச் சொல்லவே கூடாது. சொன்னால் தீட்டு. எந்தப் புத்தகம், எத்தனையாவது பாடம், எத்தனையாவது கணக்கு, இந்த மூன்றை மட்டும் சொல்லணும். சாமி தாடியைத் தடவியபடி கண்ணை மூடுவார். எழுந்து நீலத்திரைக்குப் பின்னால் போவார். மூன்று நிமிஷம் மௌனம். திரும்பி வரும்போது கையில் ஒரு சீட்டு. அதில் விடை. "அரை மோல்" என்பார். "நொடிக்குப் பன்னிரண்டு மீட்டர்" என்பார். கூட்டம் அப்படியே சொக்கிப் போகும்.

"கேள்வியே கேக்காம விடை சொல்றாருய்யா!" என்று ஒரு மெக்கானிக் கண்கலங்கியதை நானே பார்த்தேன். கேள்வி வேண்டாம், எண் மட்டும் போதும் என்கிற ஆசாமிக்கு அந்த எண் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எனக்கு வாரம் இருநூறு டோக்கன் ஆர்டர். ஆர்டர் வருகிற இடத்தில் யோசனை எங்கே வரும்?

இன்னொரு விதி. ஒற்றைப்படைக் கணக்குக்குத்தான் அருள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. இரட்டைப்படை எண்ணில் இரண்டு சக்திகள் முட்டிக்கொண்டு நிற்குமாம். நடுவில் போனால் சாமிக்கே தலைசுற்றல் வந்துவிடுமாம். பன்னிரண்டாம் கணக்கோடு வந்த ஒரு தையல்காரம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "பதினொண்ணு வாங்கிட்டுப் போ தாயே, அதுக்குள்ள பன்னெண்டும் அடக்கம்" என்று சொல்லி அனுப்பினார். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்! கும்பிட்டுவிட்டு வேறு போனாள்.

இங்கே எங்கள் பள்ளிக்கூடத்தின் பெருமையையும் சொல்லியாகணும். புத்தகத்தின் கடைசியில் விடைகள் அச்சடித்திருக்கும் அல்லவா? பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று, வருஷ ஆரம்பத்திலேயே எல்லாப் புத்தகத்தையும் வாங்கி, ஆள் வைத்து, அந்தப் பக்கங்களை மட்டும் பிளேடால் வழித்தெடுத்துவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். வாத்தியாரிடம் மட்டும் ஒரு முழுப் புத்தகம். "பக்கத்தை வெட்டினோம், ஒழுக்கத்தை ஒட்டினோம்" என்று தலைமையாசிரியர் பெற்றோர் கூட்டத்தில் பேசினார். நாங்கள் கை தட்டினோம். எதற்குத்தான் தட்டவில்லை நாங்கள்?

இப்போது என் அக்கா வீட்டுக்கு வருவோம்.

அக்காவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. காலையில் பதினோரு குழந்தைகளைக் குளிப்பாட்டுவாள். அத்தான் கம்பெனி வேன் ஓட்டுகிறார். வேன் ஓட்டாத நேரத்தில் விடைச்சாமியின் வரிசையை ஒழுங்குபடுத்துவார். சம்பளமில்லாத பதவி. அதனால் பக்தி இரண்டு மடங்கு. ஒரே பெண். பாப்பா என்று கூப்பிடுவோம், பதினோராம் வகுப்பு படிக்கிறவளை.

அந்தப் பாப்பாவிடம் ஒரு கெட்ட பழக்கம். கணக்கைத் தானே போடுவாள்.

சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து, கணக்கோடு சண்டைபோடுகிற மாதிரி வாய்விட்டுப் பேசிக்கொண்டே போடுவாள். "பதினெட்டு கிராம் தண்ணின்னா ஒரு மோல். நீ குடுத்தது ஒம்பது கிராம். அப்போ அரை மோல்தானே? இதுக்கு ஏன் இவ்வளவு பந்தா உனக்கு?" என்று பென்சிலால் கேள்வியை ஒரு தட்டு தட்டுவாள். மருந்து செய்கிற ஆய்வுக்கூடத்தில் வேலைக்குப் போகணும் என்பது அவள் ஆசை. ஏழு வயதிலிருந்து அதையேதான் சொல்கிறாள்.

அப்படிப்பட்டவளை ஒரு கணக்கு கவிழ்த்துவிட்டது. இயற்பியல், ஏழாம் பாடம், பதினேழாம் கணக்கு. எண்பது டிகிரியில் கொஞ்சம் தண்ணீர். இருபது டிகிரியில் அதே அளவு தண்ணீர். இரண்டையும் கலந்தால் எத்தனை டிகிரி?

பாப்பா ஐம்பது என்று எழுதினாள். வகுப்பில் மீதி முப்பத்தொன்பது பேரும் ஐந்து என்று எழுதினார்கள். ஏனென்றால் சாமி ஐந்து என்று சொல்லியிருந்தார். விடைதான் சாமி தருவார், வழிமுறையை அவரவரே போட்டுக்கொள்ளணும். போட்டுக்கொண்டார்கள். எண்பதும் இருபதும் நூறு, நூறை இருபதால் வகுத்தால் ஐந்து. ஏன் இருபதால் வகுக்கணும்? ஏதோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது, எடுத்து வகுத்துவிட்டார்கள்.

இயற்பியல் வாத்தியார் முப்பத்தொன்பது நோட்டில் சரி போட்டார். பாப்பா நோட்டில் பெரிதாகத் தப்புப் போட்டு, சிவப்பு மையில் எழுதினார்: "அடிப்படையே புரியவில்லை."

அவ்வளவுதான். அத்தான் அன்றைக்குச் சாயங்காலமே குதிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சாமியும் அஞ்சுங்கறார். சாரும் அஞ்சுங்கறார். சாமியே சொன்னதை சயின்ஸே ஒத்துக்குது! இவ ஒருத்தி மட்டும் அம்பதாம். பேசாம இந்த குரூப்பை விட்டுட்டு வேற குரூப் மாறட்டும். திங்கக்கிழமை கடைசி நாள். படிவம் வாங்கிட்டு வந்துட்டேன்."

படிவத்தை மேஜை மேல் வைத்தார். பாடப்பிரிவு மாற்றக் கோரும் விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. கோடு காலியாக இருந்தது.

பாப்பா அழவில்லை. அழுதிருந்தாலாவது தேவலை. என்னைப் பார்த்து, "மாமா, நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன். நாலு தடவையும் அம்பதுதான் வருது. எனக்கு மூளையே தப்பா வேலை செய்யுது போல. அப்பா கையெழுத்துப் போடட்டும்" என்றாள். அந்த நேரத்தில் நல்ல மாமாவாக நான் சொன்ன யோசனையைக் கேளுங்கள்: "எதுக்கும் சாமிகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாத்துடலாமா?" இந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

அக்கா அதுவரை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"அந்தக் கணக்கைப் படிடி."

பாப்பா படித்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பச்சத்தண்ணி எத்தனை டிகிரின்னே?"

"இருபது."

"அதுல சுடுதண்ணிய ஊத்தினா அஞ்சு டிகிரியா? ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற தண்ணி மாதிரி ஆயிடுமா?" அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. "பன்னெண்டு வருஷமா தினமும் காலையில இதைத்தான்டி நான் கலக்கறேன். அது அஞ்சாகும்னா என் பதினோரு குழந்தைக்கும் இந்நேரம் ஜன்னி கண்டிருக்கணும். உன் சாரும் சாமியும் பொறந்ததுலேர்ந்து குளிச்சதே இல்லையா?"

"ஏய், சாமிய பேசாதே" என்றார் அத்தான்.

"நான் பேசலைங்க. தண்ணி பேசும். ஞாயித்துக்கிழமை நானும் வரேன். உங்க படிவத்தையும் எடுத்துக்கோங்க. அங்கேயே வச்சுக் கையெழுத்துப் போடுவீங்க, இல்லேன்னா போட மாட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடியில் நிற்க இடமில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. தேர்வு நெருங்க நெருங்க கடவுளுக்கு மவுசு கூடும். முன்வரிசையில் இயற்பியல் வாத்தியாருக்கு மெத்தை வைத்த நாற்காலி. சாமியின் விடைகள் நூற்றுக்கு நூறு சரி என்று ஊருக்கே உறுதி சொன்னவர் அவர்தான். சும்மா சொல்லவில்லை. ஞாயிறு தோறும் தன் முழுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடையையும் ஒத்துப் பார்த்துத் தலையாட்டுவார். விஞ்ஞானப்பூர்வமான பக்தி!

அக்கா படியேறி வந்த கோலம்தான் கோலம். ஒரு கையில் வாளி. இன்னொரு கையில் பிளாஸ்டிக் மக். தோளில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க். காப்பகத்தில் பால் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரைப் பாப்பா கையில் கொடுத்திருந்தாள். சாமியைக் குளிப்பாட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"இயற்பியல், ஏழாம் பாடம், பதினேழாம் கணக்கு" என்றாள் அக்கா.

சாமி திரைக்குப் பின்னால் போனார். மூன்று நிமிஷம். வந்தார். "ஐந்து டிகிரி" என்றார். வாத்தியார் மடியைப் பார்த்துத் தலையாட்டினார். கூட்டம் "ஆஹா" என்றது.

"நல்லது சாமி. இப்போ எல்லாரும் பாத்துக்கோங்க." அக்கா ஒரு ஃபிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீரை மக்கில் ஊற்றினாள். "பாப்பா, எவ்வளவு?"

"எண்பதும்மா."

வாளியில் கொட்டினாள். மூலையில் இருந்த குழாயில் அதே மக்கைப் பிடித்தாள்.

"இது?"

"இருபது."

அதையும் கொட்டினாள். இப்படி அதில் இரண்டு மக், இதில் இரண்டு மக். கையால் ஒரு கலக்குக் கலக்கப் போனவள் நிறுத்தி, யாரோ நீட்டிய ஒரு கரண்டியை வாங்கிக் கலக்கினாள். வாளியை நகர்த்தி சாமியின் காலடியில் வைத்தாள்.

"உங்க வாக்குப்படி இது ஐஸ் தண்ணி. கைய விடுங்க சாமி."

சாமி வாளியைப் பார்த்தார். வாளியிலிருந்து மெல்லிசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

"பக்தியைச் சோதிக்கக் கூடாது மகளே."

"பக்திய சோதிக்கலையே. தண்ணியத்தானே சோதிக்கறோம்."

கூட்டத்துக்கோ சாமி மேல் அபார நம்பிக்கை. "வைங்க சாமி!" என்றது ஒரு குரல். "காட்டுங்க சாமி, இந்தம்மாவுக்குப் புத்தி வரட்டும்!" என்றார் மெக்கானிக். எதிரி கூப்பிட்டால் சமாளித்துவிடலாம், பக்தன் உற்சாகமாகக் கூப்பிட்டால் எங்கே போவது? சாமி இரண்டு கையையும் அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் எங்கள் அத்தான் முன்னால் வந்தார். ரோஷக்காரர். மார்பை நிமிர்த்திக்கொண்டு, "சாமிக்கு எதுக்குச் சிரமம்? சாமி வாக்கு பொய்யாகாது. நான் வைக்கிறேன்" என்று சட்டைக் கையை மடித்து, முழங்கை வரைக்கும் ஒரே முக்காக முக்கினார்.

"ஆ...! அய்யோ! சுடுது, சுடுது!"

கையை உதறிய வேகத்தில் முன்வரிசை முழுவதும் நனைந்தது. வாத்தியாருக்கும் இரண்டு சொட்டு கிடைத்தது. அத்தான் சிவந்த கையை வாயால் ஊதிக்கொண்டே சாமியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை. காசு போனால் இப்படிப் பார்க்கமாட்டார். தன் மகளை நம்பாமல் போனோமே என்று அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"பாப்பா, எவ்வளவு காட்டுது?" என்றாள் அக்கா.

பாப்பா தெர்மாமீட்டரை வாளியில் விட்டுப் பார்த்தாள். முகம் வாடியது. "நாப்பத்தெட்டும்மா."

சாமிக்கு உயிர் வந்தது. "பார்த்தீர்களா! ஐம்பதும் இல்லை! மனிதக் கணக்கும் பொய்!"

கூட்டத்தில் சலசலப்பு. அதானே, அதானே என்று நாலு தலை ஆடியது. ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நாற்பத்தெட்டு யாருக்குப் பக்கத்து வீடு என்று பார்க்கக்கூட அவர்களுக்கு மனசில்லை. நான் பாப்பாவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு வாளியையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, மேஜையில் கணக்கோடு சண்டை போடுவாளே, அந்தக் குரல் வந்தது.

"வாளி குளிர்ச்சியா இருந்துச்சு. அதுவும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கிச்சு. காத்துல கொஞ்சம் போச்சு. கணக்குல வாளியே கிடையாது, இங்க வாளி இருக்கு. அந்த ரெண்டு டிகிரி வாளிக்குப் போன டிகிரி." வாளியைத் தொட்டுக் காட்டினாள். "தொட்டுப் பாருங்க, சூடாயிருக்கு. சாமிகிட்ட கேளுங்க, மீதி நாப்பத்திமூணு டிகிரி எங்க போச்சுன்னு."

தையல்காரம்மா குனிந்து வாளியைத் தொட்டாள். "ஆமா, வெதுவெதுன்னு இருக்கே" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்று தொட்டார்கள். வரிசையில் நிற்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. அன்றைக்குத்தான் முதல்முறையாக உருப்படியான ஒன்றுக்கு நின்றார்கள்.

அக்கா இப்போது வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க படிச்சவங்க. சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் சேந்தா ரெண்டையும்விடக் குளுருமா?"

"குளுராதும்மா" என்றார் வாத்தியார், கன்னத்தில் இருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

"அப்போ எம்பொண்ணுக்கு எதுக்குத் தப்புப் போட்டீங்க?"

"புத்தகத்துல அஞ்சுன்னு போட்டிருக்கேம்மா. ஆறு வருஷமா அஞ்சுன்னுதான் இருக்கு."

"ஆறு வருஷமா நீங்க போட்டுப் பாக்கலையா?"

வாத்தியார் கூரையைப் பார்த்தார். கூரையில் விடை எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

பாப்பா அவர் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "சார், ஒரு நிமிஷம்" என்று வாங்கினாள். கடைசிப் பக்கங்கள். விடைகள். வெட்டப்படாத அந்தப் பக்கங்களை அவள் பார்ப்பது அதுதான் முதல்தடவை. விரலை வைத்து சத்தமாகப் படித்தாள்.

"ஏழாம் பாடம். ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழு, ஒம்பது..." நிறுத்தினாள். "மாமா, இதுல ஒத்தைப்படைக் கணக்குக்கு மட்டும்தான் விடையே போட்டிருக்கு!"

முட்டிக்கொண்டு நின்ற சக்திகள் எவை என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. அச்சகத்துக்காரன் பாதி விடைதான் போட்டிருந்தான். அதனால் கடவுளுக்கும் பாதிதான் தெரிந்திருந்தது.

"பதினேழு, அஞ்சு டிகிரி" என்று படித்து முடித்தாள் பாப்பா. "ஐம்பதுல ஒரு பூஜ்யத்தை விட்டுட்டாங்க. அச்சுப்பிழை."

அக்கா சாமியிடம் நிதானமாகக் கேட்டாள். "ஏன் சாமி, ஞானத்துல எப்படி அச்சுப்பிழை வந்துச்சு?"

நான் அதற்குள் நீலத்திரையை இழுத்துத் திறந்துவிட்டேன். இரண்டு மாதம் டோக்கன் அடித்த பாவத்துக்கு அதையாவது செய்யவேண்டாமா? பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு டார்ச், ஒரு புத்தகம். புத்தகம் என்றால் கடையில் வாங்கியது இல்லை. வெறும் விடைப் பக்கங்களை மட்டும் அடுக்கி, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து, சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டு, அருமையாகத் தைத்த புத்தகம். அந்தத் தையலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷம் என் கடை பைண்டிங் வேலையெல்லாம் செய்து கொடுத்த கை அது! இரட்டை முடிச்சுப் போட்டு, நூலை உள்ளே மடித்து விடுகிற கை.

"அடப்பாவி, பைண்டர்!" என்றேன். "பள்ளிக்கூடத்துப் புத்தகத்துலேர்ந்து பக்கத்தை வெட்டினதே நீதானேய்யா!"

தாடி வைத்தால் தெய்வமாகிவிடலாம், தையலை மாற்ற மனசு வரவில்லை அந்த மனுஷனுக்கு. தொழில் சுத்தம். பிள்ளைகளிடமிருந்து வெட்டியதைப் பிள்ளைகளுக்கே சீட்டுச் சீட்டாக விற்றிருக்கிறார். ஒழுக்கத்தை ஒட்டிய பள்ளிக்கூடம் அவருக்கு வெட்டுக்கூலியும் கொடுத்திருக்கிறது.

சாமி படியிறங்கிய வேகத்தை எந்த இயற்பியல் பாடத்திலும் கணக்காகக் கொடுக்கலாம். செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார்.

வாத்தியார் நழுவப் பார்த்தார். அக்கா விடவில்லை. பாப்பாவின் நோட்டை நீட்டினாள். வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்தார். தப்பை அடித்தார். சரி போட்டார். "அடிப்படையே புரியவில்லை" என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்தார். அதை அடிக்காமல், அது தனக்குத்தான் என்பதுபோல் கீழே தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். அதற்காக அந்த மனுஷனை மன்னித்துவிட்டேன்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"கை சுட்டுப் போச்சு. கையெழுத்து வராது" என்றார் அத்தான். படிவத்தை நாலாக மடித்து, சிவந்த கைக்கு விசிறிக்கொண்டார். பாப்பா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். "அப்பாவுக்குத்தான்டா அடிப்படை புரியலை" என்றார் அவர், முதுகைத் தடவிக்கொடுத்தபடி.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாகக் கடையைத் திறந்திருப்பேன். திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்குகிறேன், முதல் ஆளாக மெக்கானிக் நிற்கிறார். பின்னால் இன்னும் இருபது பேர். எல்லாரும் முந்தின நாள் மாடியில் இருந்தவர்கள்தான்.

"சாமி போனா போறார்ப்பா" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் உங்கிட்டதானே இருக்கு? எம்பையனுக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு. ஏழாம் பாடத்தையும் சேத்து எடு, விட்டுடாதே."

"அதுல பதினேழாம் கணக்கு தப்புன்னு நேத்து உங்க கண்ணாலதானே பாத்தீங்க?"

"பாத்தேன். இருந்தாலும் அச்சுல இருக்கே!"

உள்ளே போனேன். அக்காவிடமிருந்து வாங்கி வைத்திருந்த வாளியை எடுத்து வந்து கவுண்டர் மேல் வைத்தேன். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. காப்பி கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: இந்த வாளியில் கையை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஊர்க்காரர்களே, தலைக்குள்ளும் ஒருநாள் கையை விட்டுப் பாருங்களய்யா, அங்கே இன்னும் யாரும் வெட்டியெடுக்காத பக்கங்கள் கிடக்கின்றன.